ஆங்கில வாக்கியத்தில் காலச் சொல் எங்கே நிற்கும்?

கேள்வி இதுதான். "நான் நேற்று அவரைச் சந்தித்தேன்" என்பதை ஒருவர் ஆங்கிலத்தில் 'ஐ எஸ்டர்டே மெட் ஹிம்' என்று எழுத, அதைத் தவறு என்று திருத்தியிருக்கிறார்கள். ஆனால் 'ஐ ஆல்வேஸ் மீட் ஹிம்' என்று எழுதினால் சரி என்கிறார்கள். இரண்டு வாக்கியங்களிலும் காலத்தைக் காட்டும் சொல் ஒரே இடத்தில்தானே நிற்கிறது, பிறகு ஒன்று மட்டும் எப்படித் தவறாகும், காலச் சொல்லை வாக்கியத்தின் முதலில் வைப்பதா, நடுவில் வைப்பதா, கடைசியில் வைப்பதா என்பது அவருடைய ஐயம்.

திருத்தியவர் சொன்னது சரிதான். காலத்தைக் காட்டும் சொற்கள் எல்லாம் ஒரே இனத்தைச் சேர்ந்தவை அல்ல. ஒரு செயல் எந்த நாளில், எந்த மணிக்கு, எந்த ஆண்டில் நடந்தது என்று நாட்காட்டியிலோ கடிகாரத்திலோ விரலை வைத்துக் காட்டும் சொற்கள் ஓர் இனம். 'எஸ்டர்டே', 'டுமாரோ', 'லாஸ்ட் வீக்', 'இன் 1969', 'அட் டென் ஓ கிளாக்' ஆகியவை இதில் சேரும். இவற்றின் இயல்பான இடம் வாக்கியத்தின் கடைசி. தேவை ஏற்பட்டால் முதலிடம். நடுவிடம் பொதுவாகக் கிடையாது. அந்தச் செயல் அடிக்கடி நடக்கிறதா, அரிதாக நடக்கிறதா, ஏற்கெனவே முடிந்துவிட்டதா, இன்னும் தொடர்கிறதா என்று செயலின் தன்மையைச் சொல்பவை மற்றோர் இனம். 'ஆல்வேஸ்', 'யூஷுவலி', 'ஆஃபன்', 'நெவர்', 'ஆல்ரெடி', 'ஸ்டில்', 'ஜஸ்ட்' போன்ற இவை வினையை ஒட்டி நடுவில் நிற்பவை. 'நேற்று' என்பது செயலுக்குத் தேதி போடுகிறது. 'எப்போதும்' என்பது செயலுக்குள் நுழைந்து அதன் இயல்பைச் சொல்கிறது. இந்த வேறுபாடு பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

ஆனால் தமிழ் பேசுபவர்களுக்கு இது ஏன் இவ்வளவு தடுமாற்றத்தைத் தருகிறது என்பதைப் பார்க்காமல் விதிகளை மட்டும் மனப்பாடம் செய்வதில் பயன் குறைவு. தமிழில் "நான் நேற்று அவரைச் சந்தித்தேன்", "நேற்று நான் அவரைச் சந்தித்தேன்", "அவரை நான் நேற்று சந்தித்தேன்" என்று எப்படி மாற்றினாலும் யார் யாரைச் சந்தித்தார் என்பதில் குழப்பம் வராது. 'அவரை' என்பதில் உள்ள ஐ உருபும், 'சந்தித்தேன்' என்பதில் உள்ள விகுதியும் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்கின்றன. வினைமுற்று கடைசியில் நிற்க வேண்டும் என்ற ஒரே கட்டுப்பாட்டைக் காப்பாற்றிவிட்டால் மற்ற சொற்கள் அதற்கு முன்னால் ஓரளவு விருப்பம்போல் உலவலாம். இன்றைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு அத்தகைய உருபு இல்லை. வினைக்கு முன்னால் நிற்பதால்தான் ஒரு சொல் எழுவாய். வினைக்குப் பின்னால் ஒட்டி நிற்பதால்தான் ஒரு சொல் செயப்படுபொருள். இடமே உருபின் வேலையைச் செய்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் வேற்றுமை விகுதிகள் இருந்தன. சொற்களின் வரிசையும் இன்றுள்ளதைவிடத் தளர்வாக இருந்தது. அந்த விகுதிகள் தேய்ந்து மறைந்த பிறகு எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசை இறுகிவிட்டது. காலச் சொல்லுக்கு இடம் கிடைப்பது இந்த இறுகிய கட்டுக்கு வெளியே, அதாவது அதற்கு முன்னாலோ பின்னாலோதான்.

இதிலிருந்து முதல் விதி தானாகவே வருகிறது. வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவே காலச் சொல்லை நுழைக்கக் கூடாது. 'ஐ மெட் எஸ்டர்டே ஹிம்', 'ஷீ ஃபினிஷ்ட் லாஸ்ட் நைட் த ரிப்போர்ட்' ஆகியவை ஆங்கிலக் காதுக்கு உறுத்தும். 'ஐ மெட் ஹிம் எஸ்டர்டே', 'ஷீ ஃபினிஷ்ட் த ரிப்போர்ட் லாஸ்ட் நைட்' என்பவையே முறை. இதற்கு ஒரு விலக்கு உண்டு. செயப்படுபொருள் ஒரு சொல்லாக இல்லாமல் ஒரு முழு வாக்கியமாகவே நீண்டிருந்தால், காலச் சொல் அதற்கு முன்னால் வந்துவிடலாம். பல சமயம் வந்தே ஆக வேண்டும். "பதவி விலகப் போவதாக அவர் நேற்று அறிவித்தார்" என்பதை 'ஷீ அனௌன்ஸ்ட் எஸ்டர்டே தட் ஷீ வுட் ரிசைன்' என்றுதான் எழுத வேண்டும். 'எஸ்டர்டே' என்பதைக் கடைசிக்குத் தள்ளினால் நேற்றே பதவி விலகுவதாகப் பொருள் சாய்ந்துவிடும்.

கடைசியா, முதலா என்ற கேள்வியை இலக்கண நூல்கள் பெரும்பாலும் "இரண்டும் சரி" என்று ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. இலக்கணப்படி இரண்டும் சரிதான். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எழுதத் தெரிந்தவரையும் எழுதப் பழகுபவரையும் பிரித்துக் காட்டும் இடங்களில் இதுவும் ஒன்று என்பது என் கருத்து. ஆங்கிலத்தில் புதிய செய்தி, அழுத்தம் பெறும் செய்தி, வாக்கியத்தின் இறுதியை நாடும். 'வென் டிட் யூ மீட் ஹிம்?' என்று ஒருவர் கேட்டால், கேட்பவருக்குத் தெரியாதது நாள்தான். ஆகவே 'ஐ மெட் ஹிம் எஸ்டர்டே' என்பது நேரான பதில். 'எஸ்டர்டே ஐ மெட் ஹிம்' என்று பதில் சொன்னால், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வேறு ஏதோ கதையைத் தொடங்குவதுபோல் ஒலிக்கும். மாறாக, 'வாட் டிட் யூ டூ எஸ்டர்டே?' என்று கேட்டிருந்தால் நாள் ஏற்கெனவே பேச்சில் வந்துவிட்டது. அதை முதலில் வைத்துவிட்டு, புதிய செய்தியைப் பின்னால் சொல்வது பொருத்தம்.

தமிழில் இந்த அழுத்த இடம் வினைமுற்றுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. "அவரை நேற்றுதான் சந்தித்தேன்" என்று சொல்லும்போது 'நேற்று' வினையை ஒட்டி வருவதைக் கவனியுங்கள். நம் மனம் அந்த இடத்தை அப்படியே ஆங்கிலத்துக்கு எடுத்துச் சென்று, காலச் சொல்லை 'மெட்' என்ற வினைக்கு முன்னால் வைக்கிறது. 'ஐ எஸ்டர்டே மெட் ஹிம்' பிறப்பது இப்படித்தான்.

முதலிடம் நன்றாகப் பயன்படுவது இரண்டு சூழல்களில். ஒன்று, காட்சியை அமைக்கும்போது: 'ஒன் ஈவ்னிங் ஏ ஸ்ட்ரேஞ்சர் நாக்ட் ஆன் த டோர்' என்று கதை தொடங்கும். மற்றொன்று, இரண்டு காலங்களை எதிரெதிரே நிறுத்தும்போது: 'எஸ்டர்டே த லைப்ரரி வாஸ் க்ளோஸ்ட், டுடே இட் இஸ் ஓப்பன்'. ஆனால் ஒரு பத்தியின் ஒவ்வொரு வாக்கியத்தையும் காலச் சொல்லால் தொடங்கினால் அது நாட்குறிப்புபோல் ஆகிவிடும். முதலில் வரும் காலத்தொடர் நீளமாக இருந்தால் அதன் பின் காற்புள்ளி இடுவது நல்லது. ஒற்றைச் சொல்லாக இருந்தால் இடலாம், இடாமலும் விடலாம். கடைசியில் வந்தால் தேவையில்லை.

இனி நடுவிடத்துக்கு வருவோம். 'ஆல்வேஸ்', 'ஆஃபன்', 'நெவர்' இனச் சொற்களுக்கு நடு என்பது எது என்பதில்தான் சிக்கல். ஒரே ஒரு முதன்மை வினை இருந்தால் அதற்கு முன்னால்: 'ஹீ ஆல்வேஸ் கம்ஸ் லேட்'. 'இஸ்', 'ஆர்', 'வாஸ்' போன்றவை முதன்மை வினையாக இருந்தால் அவற்றுக்குப் பின்னால்: 'ஹீ இஸ் ஆல்வேஸ் லேட்'. துணைவினைகள் இருந்தால் முதல் துணைவினைக்குப் பின்னால்: 'ஹீ ஹாஸ் ஆல்வேஸ் பீன் லேட்', 'த லெட்டர் ஹாஸ் ஆல்ரெடி பீன் சென்ட்'. கேள்வியில் எழுவாய்க்குப் பின்னால்: 'டூ யூ ஆஃபன் கம் ஹியர்?' இவை நான்கு விதிகள்போல் தோன்றினாலும் உண்மையில் ஒன்றுதான். வாக்கியத்தில் எந்த வினை எதிர்மறையில் 'நாட்' என்பதைத் தனக்குப் பின்னால் ஏற்குமோ, கேள்வியில் எழுவாயைத் தாண்டி முன்னால் குதிக்குமோ, அந்த வினைக்குப் பின்னால் இச்சொற்கள் நிற்கும். அப்படி ஒரு வினை வெளியே தெரியாவிட்டால், முதன்மை வினைக்கு முன்னால் நிற்கும். 'ஹேவ் டு' என்பது இங்கே துணைவினையாக நடந்துகொள்வதில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். 'ஐ ஆஃபன் ஹேவ் டு வெய்ட்' என்பதே முறை.

ஒரு நுட்பம். 'இஸ் ஹீ யூஷுவலி லேட்?' என்ற கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லும்போது 'யெஸ், ஹீ யூஷுவலி இஸ்' என்று வரிசை மாறும். வாக்கியம் அந்த 'இஸ்' என்பதோடு முடிந்து, அழுத்தமும் அதன்மேல் விழுவதால் இந்த மாற்றம்.

'சம்டைம்ஸ்', 'யூஷுவலி', 'ஆக்கேஷனலி' போன்றவை வாக்கியத்தின் முதலிலும் வரும். 'சம்டைம்ஸ்' கடைசியிலும் வரும். 'ஆல்வேஸ்' என்பதை இப்படி முதலில் வைத்துச் செய்தி வாக்கியத்தைத் தொடங்கக் கூடாது. 'ஆல்வேஸ் ரீட் த இன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ்' போன்ற கட்டளை வாக்கியத்தில் அது முதலில் தெரிகிறதே என்றால், அங்கே எழுவாய் மறைந்திருக்கிறது, அவ்வளவுதான். 'நெவர்', 'ரேர்லி', 'செல்டம்' ஆகியவற்றைச் செய்தி வாக்கியத்தின் முதலில் வைத்தால் எழுவாயும் துணைவினையும் இடம் மாற வேண்டும்: 'நெவர் ஹேவ் ஐ சீன் சச் ஏ க்ரௌட்'. இது பழைய ஆங்கிலத்தின் மிச்சம். அக்காலத்தில் வேறு ஏதேனும் ஒரு சொல் முதலில் வந்தால் வினை இரண்டாமிடத்தைப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அதன் தடம் 'தென் கேம் த ரெயின்' போன்ற தொடர்களிலும் தெரிகிறது. மேடைப் பேச்சுக்கும் கனமான எழுத்துக்கும் இது பொருந்தும். அன்றாடக் கடிதத்தில் மிகையாகத் தோன்றும்.

எதிர்மறையோடு சேரும்போது இச்சொற்களின் இடம் பொருளையே மாற்றும். "அவர் எப்போதும் பதில் எழுதுவதில்லை" என்ற தமிழ் வாக்கியத்துக்கு இரண்டு பொருள்கள் கொள்ள முடியும். ஒருபோதும் எழுதுவதில்லை என்பது ஒன்று. சில சமயம் எழுதுவார், சில சமயம் எழுத மாட்டார் என்பது மற்றொன்று. முதல் பொருளுக்கு ஆங்கிலத்தில் 'ஹீ நெவர் ரிப்ளைஸ்' என்று எழுத வேண்டும். இரண்டாவதற்கு 'ஹீ டஸ் நாட் ஆல்வேஸ் ரிப்ளை'. தமிழின் வரிசையைப் பின்பற்றி 'ஹீ ஆல்வேஸ் டஸ் நாட் ரிப்ளை' என்று எழுதுபவர் முதல் பொருளைத்தான் நினைத்திருப்பார். ஆனால் அந்த வாக்கியம் இயல்பாக ஒலிக்காது. 'சம்டைம்ஸ்' இதற்கு நேர் எதிர். அது 'நாட்' என்பதற்கு முன்னால்தான் நிற்கும்: 'ஹீ சம்டைம்ஸ் டஸ் நாட் ரிப்ளை'.

'ஸ்டில்', 'யெட்', 'ஆல்ரெடி' மூன்றும் தமிழ் வழியாக வருபவர்களைக் குழப்புபவை. "இன்னும்" என்ற ஒரே சொல் முதல் இரண்டுக்கும் பொருந்துவதே காரணம். "இன்னும் அங்கே வேலை செய்கிறார்" என்றால் 'ஹீ ஸ்டில் ஒர்க்ஸ் தேர்'. "இன்னும் கடிதம் வரவில்லை" என்றால் 'த லெட்டர் ஹாஸ் நாட் கம் யெட்'. இங்கே 'யெட்' பொதுவாகக் கடைசியில். அதே செய்தியைப் பொறுமை இழந்த தொனியில் சொல்ல வேண்டுமானால் 'த லெட்டர் ஸ்டில் ஹாஸ் நாட் கம்'. எதிர்மறையில் 'ஸ்டில்' துணைவினைக்கும் முன்னால் போய் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். மேலே சொன்ன நடுவிட விதியை மீறும் சொல் இது. 'ஆல்ரெடி' நடுவில் வந்தால் வெறும் தகவல். 'ஹேவ் யூ ஃபினிஷ்ட் ஆல்ரெடி?' என்று கடைசியில் வந்தால் "அதற்குள்ளாகவா?" என்ற வியப்பு.

காலத்தோடு இடமும் சேர்ந்து வந்தால் இடம் முன்னால், காலம் பின்னால். காலத்திலேயே சிறியதும் பெரியதும் சேர்ந்து வந்தால் சிறியது முன்னால், பெரியது பின்னால். தமிழ் இதற்கு நேர் எதிராக, பெரியதிலிருந்து சிறியதை நோக்கி நடக்கும். நிலவில் மனிதர் முதன்முதலில் இறங்கிய செய்தியைத் தமிழில் "1969ஆம் ஆண்டு ஜூலை மாதம் 20ஆம் தேதி உலகப் பொது நேரப்படி இரவு 8.17 மணிக்கு ஈகிள் கலம் நிலவில் இறங்கியது" என்று ஆண்டில் தொடங்கி மணியில் முடிக்கிறோம். ஆங்கிலத்தில் 'த ஈகிள் லேண்டட் ஆன் த மூன் அட் 8.17 இன் த ஈவ்னிங் ஆன் 20 ஜூலை 1969' என்று இடம், மணி, நாள், மாதம், ஆண்டு எனப் போகும். ஒரு தமிழ் வாக்கியத்தை வலமிருந்து இடமாகப் படிப்பதுபோல் இது தோன்றினால் அது தற்செயல் அல்ல. வினைமுற்றைக் கடைசியில் வைக்கும் மொழியில் பிற உறுப்புகள் அதற்கு முன்னால் வரிசை கட்டுகின்றன. வினையை முன்னால் வைக்கும் மொழியில் அவை அதற்குப் பின்னால் வரிசை கட்டுகின்றன. வினையிலிருந்து எண்ணிப் பார்த்தால் இரண்டு மொழிகளிலும் இடமே நெருக்கத்தில் இருக்கிறது, ஆண்டு தொலைவில் இருக்கிறது.

எவ்வளவு நேரம், எத்தனை முறை, எப்போது என்று மூன்றும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்தால் அந்த வரிசையிலேயே எழுதலாம்: 'ஐ ஒர்க்ட் ஃபார் டூ அவர்ஸ் எவ்ரி டே லாஸ்ட் மன்த்'. வாக்கியத்தின் வால் இப்படிக் கனத்துவிட்டால், மிகப் பெரிய அலகை மட்டும் முதலுக்கு எடுத்துச் செல்வது என் பழக்கம்: 'லாஸ்ட் மன்த் ஐ ஒர்க்ட் ஃபார் டூ அவர்ஸ் எவ்ரி டே'. இப்போது வாக்கியம் இரு பக்கமும் சமமாக நிற்கிறது.

ஒரே வாக்கியத்தில் இரண்டு வினைகள் இருக்கும்போது கடைசி இடம் ஆபத்தானது. 'ஹீ ப்ராமிஸ்ட் டு பே ஆன் மண்டே' என்றால், திங்கட்கிழமை நடந்தது வாக்குறுதியா, திங்கட்கிழமை நடக்க வேண்டியது பணம் தருவதா? வாசகர் பெரும்பாலும் அருகில் உள்ள வினையோடு சேர்த்து, திங்கட்கிழமை பணம் வரும் என்று எடுத்துக்கொள்வார். வாக்குறுதி தந்த நாளைத்தான் சொல்ல விரும்பினீர்கள் என்றால் 'ஆன் மண்டே ஹீ ப்ராமிஸ்ட் டு பே' என்று காலத்தொடரை முதலுக்கு நகர்த்துங்கள். ஒப்பந்தம், அலுவல் கடிதம், தேதி சார்ந்த எந்த எழுத்தானாலும் இந்த ஒன்றைச் சரிபார்த்துவிட்டு அனுப்புவது நல்லது. முதலிடம் வெறும் அழகுக்காக அல்லாமல் கட்டாயமாகத் தேவைப்படும் சூழல் இது.

தமிழிலிருந்து நேராக இறங்கும் சில பிழைகளையும் சொல்லிவிட வேண்டும். 'தான்', 'ஏ' என்ற இடைச்சொற்கள் தமிழில் தாம் அழுத்தும் சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். அதனால் "நேற்றுதான் வந்தேன்" என்பது 'எஸ்டர்டே ஒன்லி ஐ கேம்' என்று ஆகிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'ஒன்லி' முன்னால் நிற்கும்: 'ஐ கேம் ஒன்லி எஸ்டர்டே'. பேச்சில் 'ஐ ஒன்லி கேம் எஸ்டர்டே' என்பதும் இயல்பே. 'டெய்லி ஐ ஆம் கோயிங் தேர்' என்பதில் இரண்டு தவறுகள் உள்ளன. வழக்கமாகச் செய்வதைச் சொல்ல 'ஐ கோ தேர் எவ்ரி டே' போதும். 'இன்று காலை' என்பது 'டுடே மார்னிங்' அல்ல, 'திஸ் மார்னிங்'. 'நேற்று இரவு' என்பது 'எஸ்டர்டே நைட்' அல்ல, 'லாஸ்ட் நைட்'. 'லாஸ்ட்', 'நெக்ஸ்ட்', 'திஸ்', 'எவ்ரி' என்று தொடங்கும் காலத்தொடருக்கு முன்னால் 'ஆன்', 'இன்', 'அட்' எதுவும் வராது. 'அகோ' என்பது எப்போதும் கால அளவுக்குப் பின்னால் வரும், 'த்ரீ இயர்ஸ் அகோ' என்பதுபோல. "மூன்று ஆண்டுகளுக்கு முன்பு" என்பதில் 'முன்பு' நிற்கும் இடமும் அதுவே என்பதால் இதில் மட்டும் தமிழ் நமக்குத் துணை நிற்கிறது.

இவ்வளவும் படித்துவிட்டு ஆங்கிலச் செய்தித்தாளைத் திறந்தால், 'த கோர்ட் எஸ்டர்டே ரூல்ட் தட்' என்று தொடங்கும் வாக்கியம் கண்ணில் படக்கூடும். நாளைக் குறிக்கும் சொல் நடுவில் நிற்கிறதே என்று கேட்கத் தோன்றும். அது செய்தி எழுத்துக்கே உரிய மரபு. செய்தியாளர் முதலிடத்தை நீதிமன்றத்துக்குக் கொடுக்க விரும்புகிறார், கடைசி இடத்தைத் தீர்ப்பின் நீண்ட வாசகத்துக்கு விட வேண்டியிருக்கிறது. ஆகவே மிச்சமிருக்கும் ஒரே இடுக்கில் 'எஸ்டர்டே' என்பதைச் செருகுகிறார். அமெரிக்கச் செய்தித்தாள்கள் அதே நெருக்கடியில் 'ஆன்' என்பதையும் கைவிட்டு, வினைக்குப் பின்னால் 'செட் டியூஸ்டே' என்று கிழமையை மட்டும் வைக்கும். 'ஐ எஸ்டர்டே மெட் ஹிம்' என்ற வாக்கியத்தில் அத்தகைய நெருக்கடி எதுவும் இல்லை. 'ஹிம்' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் இடம் காலியாகவே கிடக்கிறது.